சீன மாணவர்களின் கட்டுரையில் 'மஸ்ட்' மலிவது ஏன்?

கேள்வி: ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பலர் சீனப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் 'ஐ திங்க்' என்று தொடங்கி, அதே வாக்கியத்தை 'டெஃபினிட்லி', 'மஸ்ட்' என்று முடிக்கிறார்கள். சீனர்கள் எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதுதான் காரணம் என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். 'ஐ திங்க்' எழுதவே கூடாது என்று தடை போட்டுவிடலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தடை வேண்டாம். நீங்கள் கவனித்தது சரி. உங்கள் நண்பர் சொல்லும் காரணம்தான் சரியில்லை.

ஹாங்காங்கில் பள்ளிப் படிப்பை முடித்த, கேண்டனீஸ் என்னும் சீன மொழி பேசும் 900 மாணவர்களின் ஆங்கிலத் தேர்வுத் தாள்களை, ஏறக்குறைய அதே வயதுள்ள 770 பிரிட்டிஷ் மாணவர்களின் தாள்களோடு மொழி ஆய்வாளர்கள் கென் ஹைலண்டும் ஜான் மில்டனும் ஒப்பிட்டு 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறுதியையும் ஐயத்தையும் காட்ட ஹாங்காங் மாணவர்கள் கையாண்ட சொற்கள் சிலவே. கருத்தை அடித்துச் சொல்லும் போக்கு அவர்களிடம் மிகுதி. ஒரு கூற்றை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்கிறோம் என்பதைத் துல்லியமாக உணர்த்துவதில்தான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள்.

இதை இனத்தின் குணமாகப் பார்க்க இடமில்லை. 'இருக்கலாம்', 'ஒருவேளை', 'என்று அஞ்சுகிறேன்' என்று படிப்படியாகத் தயங்கிச் சொல்லும் வழிகள் சீன மொழியில் தாராளமாக உண்டு. ஆங்கிலத்திலோ 'வில்', 'மஸ்ட்', 'ஐ திங்க்' ஆகியவை தொடக்க வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுகின்றன. 'வுட்', 'டென்ட் டு', 'இட் சீம்ஸ்' போன்றவை பிந்தி வருவதோடு, ஒன்றே பல பொருள் தருவதால் எழுதக் கை கூசுகிறது. தேர்வு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. சீனாவின் கல்லூரி மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வில் கட்டுரைக்கு 30 நிமிடம்தான் என்பதால், 'நாம் அனைவரும் அறிந்தபடி' போன்ற மனப்பாடத் தொடர்கள் கைகொடுக்கின்றன. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்ன, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றி எழுதினாலும் 'என்பதில் எள்ளளவும் ஐயமில்லை' என்றுதானே முடிக்கிறார்கள்!

உங்கள் மாணவர் ஒருவர், 'நெகிழிப் பை நிச்சயமாகக் கேடானது என நான் நினைக்கிறேன், ஆகவே அரசு உடனே தடை செய்தே ஆக வேண்டும்' என்று எழுதுவதாகக் கொள்வோம். இதில் செய்தி எது, ஊகம் எது, பரிந்துரை எது என்பதே தெரியவில்லை. மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, பினாங்கு அரசு 2009இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பைகளை நிறுத்தி, 2011இல் அதை எல்லா நாள்களுக்கும் விரிவாக்கியது நடந்த செய்தி; அதற்கு 'ஐ திங்க்'கும் வேண்டாம், 'மே'யும் வேண்டாம். இதனால் மக்கள் சொந்தப் பை எடுத்துச் செல்லப் பழகியிருப்பார்கள் என்பது ஊகம். 'மே ஹேவ்', 'ஈஸ் லைக்லி டு' போன்றவை அங்கேதான் வர வேண்டும். பிற மாநிலங்களும் பின்பற்றலாம் என்பது பரிந்துரை; அதற்கு 'ஷுட்' போதும். 'மஸ்ட்' என்று எழுதினால், வேறு வழியே இல்லை என்று நிறுவும் பொறுப்பை மாணவர் ஏற்க வேண்டியிருக்கும். மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) கேட்பது போன்ற சிறு கட்டுரைக்குள் அது எளிதில் முடிகிற காரியமன்று.

இப்படிப் பிரிக்காமல் 'மே', 'மைட்' பட்டியலை மட்டும் கொடுத்தால், நடந்த செய்திக்கும் 'மே' போட்டு வாதத்தையே நீர்க்கச் செய்துவிடுவார்கள். எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்லிவிட்டுத் தம் நிலைப்பாட்டை முன்வைக்கும் இடத்தில் 'ஐ திங்க்' ஒருமுறை வருவது முற்றிலும் பொருத்தம். அடுத்த வகுப்பில் அவரவர் பழைய கட்டுரையையே திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு 'ஐ திங்க்', 'மஸ்ட்' ஆகியவற்றின் கீழும் கோடிட்டு, அதற்குரிய சான்றை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். சான்று கிடைக்காத வாக்கியங்களை மட்டும் திருத்தினால் போதும்.