மென்பொருளில் வரைந்த வீட்டுப் படம் பிரதேச சபையில் செல்லுமா?

கேள்வி: அக்கா, நாங்கள் பரந்தன் பக்கம். அம்மாவின் பெயரில் அனுமதிப்பத்திரக் காணி அரை ஏக்கர் இருக்கிறது, பின்பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது. கனடாவில் இருக்கும் தம்பி, வீடு வடிவமைக்கிற மென்பொருள் ஒன்றில் முழு வீட்டையும் வரைந்து, குசினி அலுமாரி வரைக்கும் கலரில் போட்டு அனுப்பினான். அதைப் பார்த்து மேசன் அத்திவாரம் வெட்டிவிட்டார். பிரதேச சபையில் படத்தைக் கொடுத்தால் தகுதியான ஆளின் கையொப்பம் வேணும் என்று திருப்பிவிட்டார்கள், போன கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீசும் வந்துவிட்டது. டவுனில் ஒரு படவரைஞர், காணிக்கு வரத் தேவையில்லை, காசு தந்தால் அந்தப் படத்திலேயே சீல் அடித்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? தம்பி வரைந்ததே குற்றமா? பக்கத்து வீட்டு அண்ணையும் அந்தப் படத்தைக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: அந்த சீல் வேண்டாம், தங்கச்சி. மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம், ஆனால் மேசன் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தால் முதலில் அவரை நிற்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸை எடுத்து அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், பிரிவு 28அ என்று இருந்தால் விஷயம் பாரதூரமானது. அந்தச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பகுதி என்று பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குள் அனுமதி இல்லாமல் கட்டத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லியும் காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லியும் அதில் நோட்டீஸ் கொடுக்கலாம், கேட்காவிட்டால் நேராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கும் கட்டளை வாங்கலாம். அங்கே போனபிறகு வீடு அவசியம், பிள்ளைகள் சின்னவர்கள், தம்பி கஷ்டப்பட்டு அனுப்பிய காசு என்று சொல்வதெல்லாம் அனேகமாக எடுபடாது, ஏனென்றால் நீதவான் உங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: அனுமதி இருக்கிறதா? நகர அபிவிருத்தி அதிகார சபை தன் அதிகாரத்தைப் பிரதேச சபைக்குக் கையளித்திருக்கலாம் என்பதால் சபையின் கடிதத்தாளில் வந்தது என்று அதை இலேசாக எடுக்க வேண்டாம். அதில் பிரிவு 28அ இல்லை, வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், அதாவது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், என்று இருந்தால் வழி கொஞ்சம் வேறு, ஆனால் படத்துக்கு முன்கூட்டியே அங்கீகாரம் வாங்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. இரண்டில் எதுவானாலும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். வேலையை நிறுத்திவிட்டோம், விண்ணப்பம் தயாராகிறது என்று இரண்டு வரி எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

உங்களில் முழுப்பிழையும் இல்லை என்றும் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு வன்னியில் எழும்பிய வீடுகளில் கணிசமானவை வீட்டுத்திட்ட வீடுகள், மாதிரிப் படமும் அவர்களே தந்தார்கள், காசும் கட்டம் கட்டமாக வந்தது, சனம் கட்டிக்கொண்டு போனது. அதனால் சொந்தக் காசில் கட்டுவதற்கும் மேசனும் காணியும் போதும் என்ற எண்ணம் ஊரில் நின்றுவிட்டது.

சரி, தம்பி வரைந்தது குற்றமா? இல்லை. உங்கள் வீட்டை நீங்கள் எந்த மென்பொருளிலும் வரையலாம், கொப்பித் தாளிலும் வரையலாம். சபைக்குப் போகும் படம்தான் வேறு. அதில் தகுதியுள்ள ஒருவர் கையொப்பமிட வேண்டும். சின்ன வீட்டுக்குப் படவரைஞர் போதும், பெரிய கட்டடத்துக்குப் பட்டயக் கட்டடக்கலைஞர், பொறியியலாளர் என்று போகும். உங்கள் வீட்டின் சதுர அடிக்கு யார் போதும் என்பதை விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நான் சீல் வேண்டாம் என்பதற்குக் காரணம் நேர்மை மட்டும் இல்லை. தம்பியின் மென்பொருளுக்கு வீடு தெரியும், காணி தெரியாது. வட அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மென்பொருள் என்றால், அது தானாகப் போடும் சுவர் மரச்சட்டத்தில் பலகை அடித்த மெல்லிய சுவராக இருக்கலாம். நீங்கள் எழுப்பப்போவது சீமெந்துக் கல். அந்த அகலத்தைக் கூட்டினால் ஒன்றில் அறை சிறுக்கும், இல்லையென்றால் வெளிச்சுவர் எல்லைப் பக்கம் தள்ளும். வாய்க்கால் கரையில் கட்டாமல் விட வேண்டிய ஒதுக்கீடு, வீதிப் பக்கம் கட்டடம் தாண்டக்கூடாத வீதிக்கோடு, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் விட வேண்டிய தூரம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், இதெல்லாம் அந்தக் கலர்ப் படத்தில் இல்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்கப்போவதும் இவற்றைத்தான், குசினி அலுமாரியை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். காணிக்கே வராத ஒருவர் சீல் அடித்த படத்தில் வீடு கட்டி முடித்தபிறகு, படத்துக்கும் நிலத்துக்கும் பொருந்தவில்லை என்றால் அனுமதித்த படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று தரும் சீ.ஓ.சி. என்கிற இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. நோட்டீஸும் அவருக்கு வராது, அம்மாவுக்குத்தான் வரும். கேட்டால் அவர் நான் வரையவே இல்லையே என்பார், அது உண்மையும்கூட.

ஆகவே ஒரு படவரைஞரைக் காணிக்குக் கூட்டிவாருங்கள். தம்பியின் கோப்பை அவருக்கு அனுப்புங்கள், அது வீண்போகாது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர் அரை மணித்தியாலத்தில் விளங்கிக்கொள்வார். வெட்டிய அத்திவாரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது வாய்க்கால் ஒதுக்கீட்டுக்குள் போயிருந்தால் இப்போதே மூடிவிட்டுத் தள்ளி வெட்டுவதுதான் மலிவு.

இனிக் காணி. அனுமதிப்பத்திரம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்ததாக இருந்தால் விண்ணப்பம் அம்மாவின் பெயரில்தான் போக வேண்டும். காசு தம்பியுடையது என்பதற்காக அவன் பெயரைப் போட முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அம்மா அவனுக்குக் காணியை எழுதிக்கொடுக்கவும் முடியாது. பத்திரத்தில் பின்னுரித்தாளர், அதாவது அம்மாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்கிற பெயர், பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வீடு எழும்பியபிறகு சகோதரங்களுக்குள் சண்டை வருவது அந்த ஒரு வரியால்தான். காணி வயல் என்று பதிவில் இருந்தால் அது தனிப் பிரச்சினை: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்ப வேறு அனுமதி வேண்டும், கமநல சேவை நிலையத்தில் முதலில் கேளுங்கள்.

சபையில் வாயால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணைக்குப் படம் கொடுப்பது தம்பியின் விருப்பம். வரைந்தவனுக்கு அதில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உரிமை தருகிறது, அவன் ஓம் என்றால் கொடுக்கலாம். ஆனால் இணையத்தில் யாரோ விற்கிற பிளானைப் பார்த்து அப்படியே வரைந்ததா என்று அவனிடம் ஒருக்கால் கேளுங்கள், அப்படியென்றால் கொடுக்கிற உரிமை அவனிடம் இல்லை.