சீமைக் கருவேலத்துக்குப் பின் எந்தக் காடு?

கேள்வி: கைவிடப்பட்ட சுரங்க நிலத்தை அப்படியே விட்டுவிட்டால், அது தானாகவே காடாக மாறுமா?
– வாசகி, ஆர்.கே.புரம், புதுதில்லி

பதில்: மாறலாம், ஆனால் எந்தக் காடாக என்பதுதான் முக்கியம். வெறும் பாறையில் முதலில் லைக்கன்களும் பாசிகளும் படிந்து, அவை மட்கிச் சேரும் மெல்லிய மண்ணில் புற்களும், பிறகு புதர்களும், அவற்றின் நிழலில் மரக்கன்றுகளும் வேரூன்றுவதையே முதல்நிலை வழிமுறை வளர்ச்சி என்கிறோம். தில்லியின் ஆரவல்லிக் குன்றுகளிலோ, ஆங்கிலேயர் ஆட்சியில் புகுத்தப்பட்ட சீமைக் கருவேலம், தன் அடியில் பிற கன்றுகளை எளிதில் எழவிடாமல், இந்த வரிசையை இடையிலேயே மறித்து நிற்கிறது. இது வருத்தத்துக்குரியது, மீளமுடியாதது அன்று. உங்களுக்கு அருகில், வசந்த் விகாரிலுள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவும் பழைய சுரங்க நிலம்தான், அவசியம் பாருங்கள். சீமைக் கருவேலத்தை ஒரேயடியாக வெட்டாமல், கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, இடையில் புரசு போன்ற மண்ணின் மரங்களை நட்டால், அவை உயர்ந்து தரும் நிழலிலேயே அது நலிந்துவிடும்.