சிஸ்டரிடம் கேளுங்கள்: கண்தானப் படிவமும் அம்மாவின் கேள்வியும்

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கண்தானம் பற்றித் தேர்வில் கேட்டால் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுவேன். ஆனால் கல்லூரியில் உறுதிமொழிப் படிவத்தை நீட்டியபோது கை வரவில்லை. 'கண்ணில்லாத முகத்தோடு எப்படி வழியனுப்புவது?' என்று அம்மா ஒருமுறை கேட்டது நினைவுக்கு வந்துவிட்டது. நானே இப்படித் தயங்கினால், நாளைக்கு வார்டில் இறந்தவர் வீட்டாரிடம் எப்படிக் கேட்பேன் சிஸ்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: இதற்காக வெட்கப்படாதே அம்மா. உன் வயதில் நான் கையெழுத்துப் போட்டேன், போட்டதோடு சரி. வீட்டில் மூச்சு விடவில்லை. வேலையில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி அப்பா வீட்டிலேயே இறந்துபோனார். கண்தானம் ஞாபகம் வந்தது. ஆனால் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, சர்க்கரையும் இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு யாரையும் கேட்கவில்லை. தலைமாட்டில் மின்விசிறி விடியும்வரை ஓடியது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கண் வங்கியில் வேலை பார்க்கும் தோழி சொன்னாள்: கண்புரை ஆபரேஷன், சர்க்கரை, மூக்குக் கண்ணாடி, வயது எதுவுமே தடையில்லை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தத்தில் கிருமி பரவிய நிலை போன்றவைதான் தடை. படித்த எனக்கே அது தெரியவில்லை. இன்றும் மனது ஆறவில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இப்போது பல இடங்களில் முழு விழியை எடுப்பதில்லை. கண்ணின் முன்பக்கம் பளிங்கு போல இருக்கும் கார்னியாவை மட்டும் எடுக்கிறார்கள். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். முழு விழியை எடுத்தாலும் குழி தெரியாதபடி செயற்கைக் கண் வைத்து இமையை மூடிவிடுவார்கள். இருபது நிமிட வேலை, வீட்டுக்கே வருவார்கள். எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945-லேயே கண் வங்கி வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அம்மாவுக்கு இந்தப் பயம் இருக்கிறதென்றால், குறை அவரிடம் இல்லை, போய்ச் சொல்லாத எங்களிடம்தான்.

இன்னொன்று. நீ படிவம் கொடுத்திருந்தாலும் வீட்டார் சம்மதிக்காமல் எடுக்க மாட்டார்கள். படிவமே இல்லாவிட்டாலும் அவர்கள் சரி என்றால் போதும். அதனால் முதலில் அம்மாவிடம் பேசு, கையெழுத்து அப்புறம்.

வார்டில் உயிர் பிரிந்ததும் போய் நிற்காதே. முதல் அழுகை கொஞ்சம் அடங்கட்டும். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடவும் முடியாது, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார், மருமகனோ சித்தப்பாவோ. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, அவங்க கண்ணைத் தானமாகக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேள். வேண்டாம் என்றால், "சரிங்க ஐயா" என்று வந்துவிடு. அவர்கள் கலந்து பேசும் நேரத்தில் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வை. தலைக்கு ஒரு தலையணை கொடு. மேலே மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடு.