கட்டிய தொகை குறைந்தால் திட்டம் தோற்றதாகுமா?

கேள்வி: அமெரிக்காவில் சிறை சென்று வந்த, நிலையான வேலை இல்லாத தந்தையருக்காக நடத்தப்படும் வேலைவாய்ப்பு, பிள்ளை வளர்ப்பு உதவித் திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா? எதை வைத்து முடிவு செய்வது?

பயன் தருகின்றன. ஆனால் எல்லாரும் முதலில் புரட்டிப் பார்க்கும் பராமரிப்புத் தொகைக் கணக்கில், அதாவது பிரிந்து வாழும் தந்தை பிள்ளையின் செலவுக்காகச் சட்டப்படி மாதந்தோறும் கட்ட வேண்டிய பணத்தின் கணக்கில், அந்தப் பயன் அவ்வளவாகத் தென்படாது. சமூகத் திட்டங்களை மதிப்பிடுவது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதை மட்டும் வைத்து மயங்கிவிடாதீர்கள். வேலை போய், நீதிமன்ற நோட்டீஸும் வந்து, எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஒருவர் இப்படிப்பட்ட இடத்தின் படியேறுகிறார். அந்த நிலையிலிருந்து சிலர் யாருடைய உதவியும் இல்லாமலே மீண்டுவிடுவார்கள். அதனால்தான் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, திட்டத்தில் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடுகிறார்கள்.

1990-களில் ஏழு நகரங்களில் நடந்த 'பேரண்ட்ஸ் ஃபேர் ஷேர்' திட்டம் இதற்கு நல்ல பாடம். நிலுவை வைத்திருந்த தந்தையரை விசாரணைக்கு அழைத்தபோதே, அதிகாரிகளுக்குத் தெரியாமல் வேலையில் இருந்த பலர் வெளிப்பட்டுவிட்டார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே, அழைப்பாணையால் மட்டுமே வசூல் கூடியது. வேலைவாய்ப்பில் ஒட்டுமொத்தமாகப் பெரிய முன்னேற்றம் இல்லை; பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்குத்தான் ஓரளவு கைகொடுத்தது.

2005-ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தின் வழியே மத்திய அரசு இத்தகைய திட்டங்களுக்கென ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. 2010-இல் அது 7.5 கோடியானது. அந்தப் பணத்தில் நடந்த நான்கு திட்டங்களை மேத்தமேட்டிகா நிறுவனம் 'பேக்ட்' என்ற ஆய்வில் அளந்தது. அதில் 5,522 தந்தையர் பங்கேற்றனர். செயின்ட் லூயிஸ், மினியாப்பொலிஸ் போன்ற ஊர்க்காரர்கள். பெரும்பாலோர் ஏதேனும் ஒரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். 2018-இல் வெளிவந்த முடிவுகளின்படி, ஓராண்டுக்குப் பின் பிள்ளையிடம் கனிவாக நடந்துகொள்வதும், வயதுக்கேற்ற விளையாட்டிலும் வாசிப்பிலும் சேர்ந்துகொள்வதும் கூடியிருந்தன. ஒரே வேலையில் தொடர்ந்து இருந்த காலமும் சற்று நீண்டது. வருமானம் உயரவில்லை. பிள்ளையை நேரில் பார்ப்பதும், பிள்ளைக்காகக் கொடுக்கும் பணமும் மாறவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. குற்றப் பதிவைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரம் வைக்கும் முதலாளியைச் சில வார வகுப்பு எப்படி மாற்றும்?

நான் அதிகம் பேச விரும்புவது எட்டு மாநிலங்களில் பராமரிப்புத் தொகை வசூல் அலுவலகங்களே முன்னின்று நடத்திய 'சிஸ்பெட்' திட்டம் பற்றி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வை, 2019-இல் இறுதி அறிக்கை. கட்டிய தொகை கூடவில்லை, சற்றுக் குறைந்தது. அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டுத் தோல்வி என்று எழுதினால் அது பெரிய அநியாயம். மாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற உத்தரவுத் தொகையையே திட்டம் குறைத்தது. வாங்கும் சம்பளத்துக்குப் பொருந்தும்படி அதை மாற்றுவதும் திட்டத்தின் வேலைகளில் ஒன்று. பிள்ளையின் பொறுப்பு தன்னுடையது என்ற எண்ணம் தந்தையரிடம் வலுத்தது. அலுவலகத்தின் மீதான அதிருப்தி வெகுவாகத் தணிந்தது.

உத்தரவைக் குறைப்பது ஏன் முக்கியம் என்பதைச் சட்டத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். 1986-இன் பிராட்லி திருத்தத்தின்படி, ஒருமுறை சேர்ந்துவிட்ட நிலுவையை எந்த நீதிபதியாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. வேலை இழந்திருந்தாலும், சிறையில் இருந்திருந்தாலும் அதே கதிதான். ஓட்டுநர் உரிமம் முடக்கப்படலாம். சம்பளத்தில் 65 சதவீதம் வரை பிடிக்கலாம். இவ்வளவையும் சுமப்பவர் கணக்கில் வராத கூலி வேலைக்கு ஒதுங்குவதில் ஆச்சரியம் என்ன? கட்ட முடியாத தொகையைக் கட்டக்கூடிய தொகையாக்குவது பிள்ளைக்கும் நல்லது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அலுவலகக் கணக்கில் ஏறாதவையும் உண்டு: தந்தை நேரே வாங்கிக் கொடுக்கும் டயப்பர், பள்ளிக் காலணி, மருந்து. தாயைக் கேட்டால் மட்டுமே இவை தெரியவரும். பெரும்பாலான மதிப்பீடுகள் தந்தையையே நம்பியிருக்கின்றன. 'பேக்ட்' கண்ட கனிவும் அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னதுதான். அதனால் பொய் என்றாகிவிடாது, சாட்சி ஒருபக்கம் என்பதே என் குறை. கலிஃபோர்னியாவில் உளவியலாளர்களான கோவன் தம்பதியர் நடத்திய ஆய்வு தாயையும் சேர்த்தே கேட்டது. தந்தையர் மட்டும் கூடிய குழுக்களைவிட, இணையராக வந்த குழுக்களே அதில் கூடுதல் பலன் கண்டன. ஆனால் அங்கே பெரும்பாலோர் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஆகவே ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் மூன்றைத் தேடுங்கள்: ஒப்பீட்டுக் குழு இருந்ததா, உத்தரவுத் தொகை என்ன ஆயிற்று, பிரிந்து வாழும் தாயிடம் யாராவது போய்ப் பேசினார்களா.