இல்லாத அணியின் ரசிகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு தெரியாது. எங்கள் டீமில் அறுபதைத் தாண்டிய இருவர் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்கள். அந்த அணி 1997இலேயே ஊரைவிட்டுப் போய்விட்டதாம். இன்றும் வெள்ளிக்கிழமைகளில் அதன் பச்சை ஜெர்ஸியில்தான் வருகிறார்கள். இவர்களும் நண்பர்களுமாக எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய ஆட்டங்களைப் பேசுவார்கள். அதையெல்லாம் பதிவு செய்து ஒரு சிறு புத்தகமாக்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு மாலை உட்கார்ந்து கேட்டேன், தலை சுற்றிவிட்டது. 1979 அக்டோபரில் ஹார்ட்ஃபோர்ட் அரங்கில் கோர்டி ஹோ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆடியதைப் பார்த்தேன் என்கிறார் ஒருவர். இல்லவே இல்லை, ஸ்பிரிங்ஃபீல்டில் என்கிறார் அடுத்தவர். கடைசி ஆட்டத்தில் அணி பச்சை ஜெர்ஸியில் ஆடியது என்று மூன்றாமவர் சத்தியமே செய்கிறார். யாரை நம்புவது? எப்படித் தொகுப்பது? அவர்களில் ஒருவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். பழைய ஜெர்ஸி ஒன்றைப் பரிசளிக்கலாமா?

ஆர்., கனெக்டிகட்

அன்புள்ள ஆர்.,

முதல் வழக்கைத் தீர்ப்பது சுலபம். ஸ்பிரிங்ஃபீல்டு என்றவர் சொல்வதே சரி. 1978 ஜனவரி 18 அதிகாலை பனியின் பாரம் தாங்காமல் அணியின் அரங்கமான ஹார்ட்ஃபோர்ட் சிவிக் சென்டரின் கூரை இடிந்து விழுந்தது. முந்தைய இரவு அங்கே ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இடிந்தபோது உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு 1980 பிப்ரவரி 6 வரை அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை நாற்பது கிலோமீட்டர் வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில்தான் ஆடியது. 1979 அக்டோபரில் அணி வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் சேர்ந்தபோது ஹார்ட்ஃபோர்டில் ஆடுவதற்கு இடமே இல்லை. ஆனால் முதலாமவரும் பொய் சொல்லவில்லை. ஹோ அந்த சீசனின் 80 ஆட்டங்களிலும், தன் 51, 52 வயதில், இறங்கி ஆடினார். பிப்ரவரிக்குப் பிறகு ஹார்ட்ஃபோர்டில் அவரைப் பார்த்திருப்பார். பார்த்தது உண்மை, மாதம்தான் நகர்ந்துவிட்டது.

உங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். ஆளை, கோலை, சத்தத்தை ரசிகர்கள் சரியாகவே வைத்திருப்பார்கள். தேதியும் இடமும்தான் இடறும். நம் ஊரில் ஒரு கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால் "பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த தை" என்பார்களே, அதுபோல இவர்களிடமும் வருஷத்தைக் கேட்காதீர்கள். பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அதற்கு இந்த அணியில் நல்ல அடையாளங்கள் நிறைய உண்டு.

முதலில் உடை. 1979 முதல் 1992 வரை அணியின் அடர்நிற ஜெர்ஸி பச்சை. 1992-93 சீசனிலிருந்து கடைசிவரை கருநீலம். ஆகவே பச்சை ஜெர்ஸியில் கிறிஸ் பிராங்கரைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் இரண்டு காலங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். பிராங்கரை அணி எடுத்ததே 1993இல். அதேபோல 1991இல் போய்விட்ட நட்சத்திர ஆட்டக்காரர் ரான் ஃபிரான்சிஸ் ஹார்ட்ஃபோர்டுக்காகக் கருநீலம் அணிந்ததே இல்லை. 1982-83இல் மட்டும் வேலர்ஸ் ஆட்டக்காரர்கள் வழக்கமான அரைக்கால் சட்டைக்குப் பதில் கணுக்கால் வரை நீண்ட முழுக்கால் சட்டை போட்டார்கள். பிலடெல்பியாவும் அப்போது அதைப் போட்டது. விழுந்தவர்கள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதுகிறார்கள் என்ற புகார் எழ, லீக் அதைத் தடை செய்தது. "எல்லாரும் பேன்ட் போட்டிருந்தார்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் உங்களுக்கு சீசன் கிடைத்துவிட்டது.

வெளியாட்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து என்எச்எல்லில் சொந்த ஊரில் ஆடும் அணி வெள்ளை ஜெர்ஸி போடும், வந்த அணி அடர்நிறம் போடும். 2003க்குப் பிறகுதான் இது தலைகீழானது. எனவே ஹார்ட்ஃபோர்ட் அரங்கில் வேலர்ஸ் பச்சையில் ஆடியது போன்ற நினைவு, பெரும்பாலும் டிவியில் பார்த்த வெளியூர் ஆட்டமாக இருக்கும். இல்லையென்றால் சுற்றி உட்கார்ந்திருந்த ரசிகர்களின் சட்டை நிறம் ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டிருக்கும். உங்கள் மூன்றாமவர் கதை இதுதான். 1997 ஏப்ரல் 13 கடைசி ஆட்டம் ஹார்ட்ஃபோர்டில் நடந்தது. ஆகவே வெள்ளை ஜெர்ஸி. டம்பா பேயை 2-1 என்று வென்றார்கள். அணியின் கடைசி கோலை அடித்தவர் கேப்டன் கெவின் டினீன்.

அடுத்து ஆட்ட விதிகள். என்எச்எல்லின் லீக் ஆட்டங்களில் ஐந்து நிமிட ஓவர்டைம் வந்தது 1983-84இல். அதற்கு முன்பு அதன் சாதாரண லீக் ஆட்டத்தில் ஓவர்டைம் கோல் என்ற பேச்சே கிடையாது, சமனானால் சமன்தான். சமனை உடைக்க ஒவ்வொருவராக கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட் வந்ததோ 2005இல், அணி போய் எட்டு வருஷம் கழித்து. "ஷூட்அவுட்டில் ஜெயித்தோம்" என்றால் அது அதே அரங்கில் பின்னாளில் ஆடிய சிறு லீக் அணியின் ஆட்டமாக இருக்கலாம், அல்லது ஆட்டத்தின் நடுவே கிடைத்த பெனால்டி ஷாட்டாக இருக்கலாம். அங்கேயே மறுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இசையும் உதவும். கோல் விழுந்ததும் அரங்கில் பிராஸ் பொனான்சா என்ற ட்ரம்பெட் மெட்டு ஒலிக்கும். இன்றைக்கும் அதைக் கேட்டால் இவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். 1992-93இல் பொது மேலாளராக வந்த பிரையன் பர்க் அதை நிறுத்தினார். கருநீல ஜெர்ஸியும் அந்த மெட்டும் ஒரே நினைவில் வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

இனி பதிவு. எட்டுப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்து முதல் பதிவைச் செய்யாதீர்கள். குரல் உயர்ந்தவரின் கதை பத்து நிமிடத்தில் எல்லாருடைய கதையாகிவிடும், அதற்குப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கூட்டுப் பேச்சைக் கடைசியில் வையுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துணிமேல், பேசுபவரிடமிருந்து ஒன்றரை முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கிளாஸ் வைக்கும் ஓசையெல்லாம் இடியாகப் பதியும். டிவி ஓடும் பார் வேண்டாம். கோப்பின் பெயரில் தேதியும் பேசுபவரின் முதலெழுத்தும் இருக்கட்டும், அன்றே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒலியை எழுத்தாக்கும் மென்பொருள் லியூட், பேபிச், சாமுவெல்சன் போன்ற ஆட்டக்காரர் பெயர்களைக் கடித்துக் குதறும். அணிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே திருத்த வேண்டும்.

பேசுவதற்கு முன்னால் வீடியோ காட்டவே கூடாது. காட்டினால் அவர்கள் தங்கள் நினைவைச் சொல்ல மாட்டார்கள், கேமரா பார்த்ததைச் சொல்வார்கள். எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பகுதி, கண்ணாடிக்கு அருகிலா, மேல்தட்டா? அந்த கோல் உங்கள் பக்க வலையிலா, எதிர்ப்பக்க வலையிலா? ஓர் ஆட்டம் என்பது இருபது நிமிடம் கொண்ட மூன்று பீரியடுகள், ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். முதல் பீரியடிலும் மூன்றாவதிலும் ஒரு பக்கம், இரண்டாவதில் மறுபக்கம். ஆகவே இருக்கை தெரிந்தால், கோல் விழுந்த பீரியடைக்கூடச் சரிபார்த்துவிடலாம். பிறகு யார் கார் ஓட்டியது, அரங்கத்தோடு ஒட்டியிருந்த மாலில் எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்று கேளுங்கள். மால் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. மால் அவர்கள் பேச்சில் மட்டும்தான் மிச்சம். அதை விரிவாகவே வாங்கி வையுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு வருஷங்களைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். பனியில் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்வந்தவர்கள் தங்களை 91 கிளப் என்றே அழைத்துக்கொண்டார்கள். யார் உண்மையான பழைய ரசிகர் என்ற சண்டை இந்த இடத்தில்தான் வரும், வரட்டும்.

சரிபார்க்க ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் நாளிதழின் பழைய பிரதிகள் போதும். நகர நூலகத்தில் கேளுங்கள். அதில் வரும் ஆட்டச் சுருக்கத்தை வாசிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. அரங்கக் கடிகாரம் இருபதிலிருந்து கீழே இறங்கும், அச்சில் வருவதோ கழிந்த நேரம். "ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கோல்" என்று அவர் சொன்னால் அச்சில் 18:00ஐச் சுற்றித் தேட வேண்டும். 2:00இல் தேடிவிட்டு அவருக்கு மறதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்த ஆட்டங்களைக் கேட்பது என்பதில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. இந்த அணி என்எச்எல்லில் 18 சீசன் ஆடி வென்றது கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் ஒரே ஒரு தொடர். 1986இல் கியூபெக்கை 3-0 என்று வீழ்த்தியது. அடுத்த சுற்றில் மான்ட்ரியாலுடன் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். மூன்றாம் பீரியடின் கடைசி நிமிடங்களில் டேவ் பேபிச் சமன் செய்ய, ஓவர்டைமில் ஆறு நிமிடம் ஆகும் முன்பே கிளாட் லெமியூ கோலடித்து முடித்துவிட்டார். மான்ட்ரியால் அந்த வருஷம் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. ஹார்ட்ஃபோர்ட் என்ன செய்தது தெரியுமா? இரண்டாம் சுற்றில் தோற்று வந்த அணிக்கு ஊர்வலம் நடத்தியது. பாஸ்டன்காரர்கள் இதைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்துவிடாதீர்கள், புத்தகத்தின் நடு அத்தியாயமே அதுதான். அந்த இரவு எங்கே இருந்தார்கள், யாருடைய வீட்டு டிவி, லெமியூ அடித்ததும் அறையில் முதலில் யார் பேசினார்கள், ஊர்வலத்துக்கு வேலையிலிருந்து எப்படி நழுவினார்கள் என்று எட்டுப் பேரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

இரண்டாவது, 1991 மார்ச் 4. அன்று ரான் ஃபிரான்சிஸ், உல்ஃப் சாமுவெல்சன், கிராண்ட் ஜென்னிங்ஸ் மூவரையும் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு. அணி உண்மையில் செத்தது 1997இல் இல்லை, அன்றைக்குத்தான் என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம். மூன்றாவது, 2018 டிசம்பர் 23. வேலர்ஸ் இடம்பெயர்ந்து உருவான கரோலினா அணி அன்று பாஸ்டனுக்கு எதிராக அதே பச்சை ஜெர்ஸியைப் போட்டு ஆடியது. எட்டுப் பேரில் பாதிப் பேர் நெகிழ்ந்திருப்பார்கள், மீதிப் பேருக்கு இன்னும் ஆத்திரம் இருக்கும். இரண்டையும் மழுப்பாமல் அச்சிடுங்கள்.

முரண்பட்ட கூற்றுகளை வாக்கெடுப்பால் தீர்க்க வேண்டாம். சொன்னவர் சொன்னபடியே இருக்கட்டும். கீழே சிறிய எழுத்தில் நாள், இடம், ஸ்கோர் மட்டும் நாளிதழில் உள்ளபடி கொடுங்கள். எது எங்கே விலகுகிறது என்று வாசிப்பவருக்கே தெரியும். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் அவரவர் பக்கத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறரைப் பற்றிச் சொன்ன பகுதிகளில்தான் வம்பு வரும்.

ஜெர்ஸி விஷயம். சின்னத்தை முதலில் பாருங்கள். கீழே பச்சையில் டபிள்யூ, மேலே நீலத்தில் திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் நடுவே விட்ட வெள்ளை இடத்தில் எச். 1979இல் பீட்டர் குட் வரைந்தது. மலிவான நகல்களில் இந்த எச் ஒரு பக்கம் குறுகி, கோணலாக இருக்கும். நல்ல தயாரிப்பில் சின்னமும் எண்ணும் கனமான துணியை வெட்டி அடுக்கி, ஓரம் வளைந்து வளைந்து தைக்கப்பட்டிருக்கும். முழுக்க நூலால் நிரப்பிய எம்பிராய்டரி என்றால் சுற்றியுள்ள துணி சுருங்கி நிற்கும். ஆட்டக்காரர்கள் அணியும் தரத்தில் உட்புறம் முதுகின் கீழ்ப்பக்கம் ஒரு பட்டை இருக்கும். சண்டையில் ஜெர்ஸியைத் தலைக்குமேல் இழுத்துவிடாதபடி கால்சட்டையோடு பிணைக்க அது. ஆனால் நகல் செய்பவர்களும் இப்போது அந்தப் பட்டையைத் தைத்துவிடுகிறார்கள், அதை மட்டும் நம்பி ஆட்டத்தில் அணிந்தது என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பெயரும் நிறமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பச்சையில் பிராங்கர் 44 என்று வாங்கிக் கொடுத்தால் அவர் நன்றி சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். பச்சையில் 9 ஹோ, 10 ஃபிரான்சிஸ், 1 லியூட், 5 சாமுவெல்சன் எல்லாம் பொருந்தும். பதிவில் அவர் யார் பெயரை அதிகம் சொல்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றும் பிடிபடவில்லையென்றால் டினீனின் 11ஐ வாங்குங்கள். அளவில் ஒரு சுற்று பெரிதாகவே எடுங்கள், குளிர்காலத்தில் ஸ்வெட்டர்மேல் போடுவார். துவைக்கும்போது உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். டிரையரில் போட்டால் எண்கள் சுருண்டுவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்.