கணினிக் கேள்வி பதில்: யூஸ்எஃபெக்ட் ஏன் இப்படி படுத்துது?

கேள்வி: ரியாக்ட்ல (வெப் பக்கம் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) பஸ் டிக்கெட் புக் பண்ற பக்கம் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன் சார். சீட் மாறினா மொத்த தொகைய மாத்த ஒரு யூஸ்எஃபெக்ட் (பக்கம் திரையில வந்த பிறகு ஓடுற ஃபங்ஷன்), ஊர் மாறினா பஸ் லிஸ்ட் எடுக்க ஒண்ணு, பேமெண்ட் முடிஞ்சா மெசேஜ் காட்ட ஒண்ணு. பக்கம் திறந்ததும் எல்லாமே ரெண்டு தடவை ஓடுது, சேலம்னு மாத்தினா சில சமயம் மதுரை பஸ் வந்து நிக்குது. டிபெண்டன்சி அர்ரேய (எது மாறினா எஃபெக்ட் திரும்ப ஓடணும்ங்கிற பட்டியல்) காலியா விட்டுடவா?
– கோவை வாசகர்

பதில்: ஐயோ வேணாம், தலைவலி போய் திருகுவலி வந்துரும். காலியா விட்டா சேலம்னு மாத்தின பிறகும் லிஸ்ட் மாறவே மாறாது.

ரெண்டு தடவை ஓடுறது பக் இல்ல. 2022-ல வந்த ரியாக்ட் 18-ல இருந்து ஸ்ட்ரிக்ட் மோட் (தப்ப கண்டுபிடிக்க உதவுற சோதனை வசதி) இருந்தா டெவலப்மெண்ட்ல மட்டும் காம்பொனண்ட (பக்கத்தோட ஒரு பகுதி) மாட்டி, கழட்டி, திரும்ப மாட்டி பாக்கும், நீங்க கிளீனப் (எஃபெக்ட் ஆரம்பிச்சத நிறுத்துற ஃபங்ஷன்) ஒழுங்கா எழுதியிருக்கீங்களானு தெரியறதுக்கு. புரொடக்‌ஷன்ல இது கிடையாது. ஸ்ட்ரிக்ட் மோட தூக்கிடுனு யாராச்சும் யோசனை சொன்னா காதுலயே வாங்காதீங்க.

மொத்த தொகைக்கு தனி ஸ்டேட்டே (ரியாக்ட் ஞாபகம் வச்சிக்கிற மதிப்பு) எதுக்கு? சீட் எண்ணிக்கைய டிக்கெட் விலையால பெருக்கி ரெண்டர்லயே (காம்பொனண்ட் ஓடி திரைக்கு வேண்டியத தர்றப்போ) ஒரு வரில போட்டுட்டா முடிஞ்சுது. எஃபெக்ட்ல போட்டா முதல்ல பழைய தொகையோட ஒரு ரெண்டர், அப்புறம் புதுசோட இன்னொரு ரெண்டர், வெட்டி வேலை.

பேமெண்ட் மெசேஜ் இன்னும் மோசம். பணம் கட்டியாச்சுங்கிறத லோக்கல் ஸ்டோரேஜ்ல (பிரவுசர்லயே தங்குற சேமிப்பு) வச்சிருந்தீங்கனா, ரெஃப்ரெஷ் பண்ற ஒவ்வொரு தடவையும் எஃபெக்ட் ஓடி 'பணம் வந்துருச்சு'னு காட்டும், பாக்குறவரு திரும்ப காசு போயிருச்சோனு பதறி பேங்க்குக்கு போன் போடுவாரு. யூசர் பட்டன தட்டினதால நடக்குற வேலைய அந்த பட்டனோட ஹேண்ட்லர்லயே (தட்டினா ஓடுற ஃபங்ஷன்) வைங்க.

பஸ் லிஸ்ட் மட்டும்தான் நிஜமாவே எஃபெக்ட் வேலை, ஏன்னா சர்வர் ரியாக்டுக்கு வெளிய இருக்கு. அங்க நடக்குறது என்னன்னா மதுரைக்கு போன ரிக்வெஸ்ட் மெதுவா வருது, சேலத்துக்கு போனது சட்டுனு வந்துருது, கடைசியா வந்து சேர்ந்த மதுரை சேலத்து மேல எழுதிடுது. எஃபெக்டுக்குள்ள 'இக்னோர்'னு ஒரு வேரியபிள் ஃபால்ஸ்ல ஆரம்பிங்க, கிளீனப் ஃபங்ஷன்ல அத ட்ரூ ஆக்குங்க, பதில் வந்ததும் இக்னோர் ட்ரூவா இருந்தா செட்ஸ்டேட் பண்ணாம, அதாவது லிஸ்ட மாத்தாம விட்டுடுங்க. ஊர் மாறினவுடனே பழைய எஃபெக்டோட கிளீனப் ஓடிடும், அதனால லேட்டா வர்ற மதுரைக்கு வேலையே இல்ல. ரிக்வெஸ்டையே நிறுத்தணும்னா அபார்ட்கன்ட்ரோலர் இருக்கு.

கேள்வி: ரியாக்ட் மாதிரியே இருக்கற வியூவுக்கு மாறிட்டா இந்த தொல்லை இருக்காதாமே?
– வேலூர் வாசகி

பதில்: பாதி உண்மைங்க. கம்ப்யூட்டட்னு தனியா இருக்கறதால மொத்த தொகை மாதிரி கணக்கெல்லாம் தானா அங்க போயிடும், எத பாக்குதுங்கிறதையும் அதுவே புடிச்சுக்கும், அர்ரே எழுத வேண்டியதில்ல. ஆனா மதுரை பஸ் அங்கயும் லேட்டா வந்து மேல எழுதும், வாட்ச்க்கு (ஒண்ணு மாறினா வேலைய ஓட வைக்கறது) குடுக்குற ஃபங்ஷன்ல மூணாவதா வர்ற ஆன்கிளீனப்ப எழுதித்தான் ஆகணும்.