கல்யாணமான பெண் வேண்டாம் என்கிறார் மேனேஜர்: ஹெச்.ஆர். கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. வயது, மதம், சாதி, பாலினம் எதிலும் பாகுபாடு இல்லை என்று பாலிசியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறோம். இந்தியச் சட்டப்படி அது போதுமா?

போதாது. அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைகள் சட்டமும் அதைக் கவனிக்கத் தனி ஆணையமும் இருப்பதால் அந்தப் பத்திக்கு அங்கே ஒரு பொருள் உண்டு, இங்கே தனியார் துறைக்கு அப்படி ஒரே சட்டம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு பேசுவது அரசு வேலையைப் பற்றித்தான். பாலினத்துக்கு ஒரு சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, திருநர்களுக்கு ஒன்று, எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. வயதுக்கு எதுவுமே இல்லை, அதனால்தான் ‘30 வயதுக்குள் இருக்க வேண்டும்’ என்ற விளம்பரம் தைரியமாக வருகிறது. ஆனால் உங்கள் பாலிசியில் வயதையும் எழுதிவிட்டீர்கள், ஆகவே அப்படி விளம்பரம் போட்டால் அதைக் காட்டியே உங்களைக் கேட்பார்கள்.

கல்யாணமான பெண்களை லைனில் எடுக்க வேண்டாம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் வாய்மொழியாகச் சொல்கிறார். மறுக்க எனக்குச் சட்ட ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 1976 சம ஊதியச் சட்டம் ஆளெடுப்பில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இரண்டிலும் ‘பாலினம்’ இருக்கிறது, ‘திருமண நிலை’ என்று தனியாக எழுதவில்லை. மேனேஜர் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கல்யாணமான ஆண்களை எடுக்கிறோமா? எடுக்கிறோம் என்றால் இது கல்யாணத்தைப் பற்றிய விதியே இல்லை, பெண்ணைப் பற்றிய விதி.

ஏர் இந்தியா வழக்கில் (1981) முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பு, வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாகச் சொல்வார். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலை ஒன்றைப் பற்றி இதே புகார் செய்தியானபோது மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கையே கேட்டது. அதனால் மேனேஜரிடம், ‘சார், இதை மெயிலில் அனுப்பிவிடுங்கள்’ என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் மெயில் வராது.

அப்புறம் உங்கள் ஜாயினிங் ஃபார்மையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் எல்.ஐ.சி. படிவத்தில் கேட்டிருந்ததை நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து நீக்கச் சொன்னது. இப்போதும் அந்த மாதிரிக் கேள்விகள் பழைய ஃபார்மிலிருந்து காப்பி ஆகி வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரே வேலைக்கு ஆணுக்குக் கூடுதல் சம்பளம். அவருடைய பழைய சம்பளமே அதிகம் என்கிறோம். இது செல்லுமா?

பழைய சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் பலவீனமான வாதம். அனுபவம், திறன், பொறுப்பு என்று உண்மையான வித்தியாசம் இருந்தால் அதை ஆஃபர் கொடுக்கும்போதே எழுதி வையுங்கள். கம்பெனி நிலைமை சரியில்லை என்ற சாக்கு, பெண் ஸ்டெனோகிராஃபர்கள் சம்பந்தப்பட்ட மெக்கின்னன் மெக்கென்சி வழக்கிலேயே (1987) எடுபடவில்லை. சமன் செய்கிறோம் என்று ஆணின் சம்பளத்தைக் குறைப்பதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது.

கான்ட்ராக்ட் ஜூனில் முடிகிறது, அவருக்குப் பிரசவம் மே மாதம். ஜூனோடு மகப்பேறு ஊதியத்தை நிறுத்தலாமா?

கூடாது. கவிதா யாதவ் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த தகுதி இருந்தால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பலன் தொடரும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். மூன்றாவது குழந்தைக்கு எதுவுமே கிடையாது என்று பல அலுவலகங்களில் சொல்லிவிடுகிறார்கள், அது தவறு.

நாங்கள் 60 பேர். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி பாலிசி வேண்டுமா?

வேண்டும். 2016 சட்டத்தின் 21-ஆம் பிரிவு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். 20 பேருக்கு மேல் போய்விட்டதால் எந்தெந்தப் பணிகள் பொருந்தும், எப்படித் தேர்வு, என்ன வசதி, தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வெப்சைட்டில் போடுங்கள், மாநில ஆணையரிடம் ஒரு பிரதியைப் பதிவு செய்யுங்கள். முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

இன்டர்வியூவில் ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று துருவுகிறார்கள். தடுக்கச் சட்டம் உண்டா?

அந்தக் கேள்வியையே தடைசெய்யும் சட்டம் கிடையாது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வேலையில் தடை போடுவது மட்டும் 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் குற்றம், ஆனால் காரணம் அதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் இன்டர்வியூ கேள்விகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள், அதற்கு வெளியே போகிறவரை அடுத்த பேனலில் உட்கார வைக்காதீர்கள்.

மெடிக்கல் செக்கப்பில் எச்.ஐ.வி. டெஸ்ட்?

வேலைக்கு நிபந்தனையாக வைக்க முடியாது, 2017 சட்டம் தடுக்கிறது. லேப் பேக்கேஜில் சேர்ந்தே வருகிறது என்றால் லேபுக்கு இன்றைக்கே எழுதி அதை எடுக்கச் சொல்லுங்கள்.